மிளகுப் பலகைக்குப் பேர் வைத்தவன்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிச் சந்து ஒன்றில், கூரை பாதி சரிந்து கிடந்த ஒரு பழைய கிட்டங்கியைப் பிடித்து ஒர்க்‌ஷாப் ஆக்கினேன். சுவரில் முளைத்திருந்த ஆலங்கன்றுகளை நானே வேரோடு பிடுங்கினேன். மற்ற ஊர்களில் மெக்கானிக் பள்ளம் தோண்டி அதில் இறங்கி வண்டிக்கு அடியில் வேலை பார்ப்பான். எங்கள் ஊரில் வேலியேற்றத்தின்போது, அதாவது கடல் ஏறுகிற நேரத்தில், காயல் தண்ணீர் தரைக்கு அடியிலிருந்து ஊறி வரும். நான் ஆசையாகத் தோண்டிய பள்ளத்தில் மீன்குஞ்சு நீந்தியது. சரி போ என்று பள்ளத்தை மூடி, தரையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கருங்கல் பாவினேன். ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்தேன். அந்தத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். வந்து பார்த்த கொத்தனார், "இது நான் போட்டதுன்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டார். கூடாது என்றேன்.

வெல்டிங் செட்டு வாங்கினேன். வீடு கட்டினேன். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். அப்பா செங்கோட்டைப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு மூட்டை சுமக்க வந்தவர். எனக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தது பலகாரம் மடித்து வந்த தமிழ்ப் பேப்பர்கள்தாம். இப்போது நீங்கள் படிக்கும் இதை யாரும் எனக்காக எழுதித் தரவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, மிளகுப் பலகை. கொச்சியின் மேற்குக்கரையில் எந்தப் பழைய ஒர்க்‌ஷாப்புக்குள் போய் இந்தப் பேரைச் சொன்னாலும், கார் சக்கரத்தை நேராக்கும்போது சக்கரத்துக்கு அடியில் வைக்கிற இரும்புத் தட்டை எடுத்துக் காட்டுவார்கள். அந்தத் தட்டைச் செய்தவன் நான். அந்தப் பேரை வைத்தவன் நான். ஊரிலே கேட்டால் வேறொருவர் பேரைச் சொல்வார்கள்.

அந்த வேறொருவரை இங்கே சேட்டன் என்றே எழுதுகிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன். சண்டைக்கு நடுவில் அவர் பேர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் ஊரில் கடை வைத்திருக்கிறார்கள். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பொறாமையா என்று கேட்டால் பொறாமைதான். என் பொருளைப் பார்த்து நான் பொறாமைப்படும்படி ஆகிவிட்டது, அதுதான் என் வழக்கு.

எழுபதுகளின் நடுவில் அவர் தேவராவிலிருந்து வந்தார். அங்கே கப்பல்துறைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பார்த்து, முதலாளியோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூப்பு, ஆனாலும் அங்கே எல்லாரும் தமிழனைக் கூப்பிடுகிற மாதிரி அவரும் என்னை அண்ணாச்சி என்பார். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை. கையில் ஒரு கருவிப் பெட்டி. என்னிடம் இடம் இருந்தது, மட்டமான தரை இருந்தது. வருகிறவர்களிடம் பேசுகிற வாய் இல்லை. அவரிடம் பேச்சு இருந்தது, நிற்க இடம் இல்லை. ஒரு சாயாவில் கூட்டு பேசி முடிந்தது. கிடைப்பது பாதிப் பாதி. பத்திரம் எதுவும் கிடையாது.

அந்தக் காலத்தில் டயர் கிடைப்பது லேசில்லை. புது டயருக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது என்றால் வண்டிக்காரருக்கு உயிர் போகிற மாதிரி. தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் முன்சக்கரங்களின் நிற்பு. மனிதன் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் கால் பெருவிரல்கள் உள்ளே பார்க்க நடப்பார்கள், சிலருக்கு வெளியே பார்க்கும். கார் சக்கரமும் அப்படித்தான். இரண்டு முன்சக்கரங்களின் முன்விளிம்பும் ஒரு நூலளவு உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு மேலே உள்ளே போனாலோ, வெளியே பார்த்தாலோ, தேங்காய்ப் பூ துருவுவதைப் போல ரோடு டயரைத் துருவும். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால் தெரியும். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் ரம்பப் பல்.

இதைச் சரியாக்க எறணாகுளத்துக்குப் பாலம் கடந்து போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு பெரிய இடத்தில் அதற்கென்று கருவி வைத்திருந்தார்கள். நம்மிடம் என்ன உண்டு? நூல் உண்டு. வண்டியின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் நூல் கட்டி, நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது. நூல் பிடித்த மாதிரி என்று நாம் சும்மா சொல்வதில்லை. ஆனால் எங்கள் ஊர் மழைக்காற்றில் பருத்தி நூல் நனைந்து தொய்யும். நான் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குப் போய் மீன்காரர்களிடம் தங்கூசி வாங்கி வந்தேன். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. விரலால் சுண்டினால் வீணை மாதிரிப் பேசும். சேட்டன் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதில வண்டி நேராகுமோ கச்சேரி நடக்குமோ?" என்றார். வண்டி நேரானது.

நேரானது என்று சொன்னேனே, அதில் ஒரு கோளாறு பாக்கி இருந்தது. சக்கரத்தின் பார்வையை மாற்ற வேண்டுமானால் டை ராடு என்கிற கம்பியை முறுக்கிக் கூட்டிக் குறைக்க வேண்டும். முறுக்கும்போது சக்கரம் கொஞ்சம் பக்கவாட்டில் நகர வேண்டும். ஆனால் வண்டியின் கனம் முழுதும் டயரின் மேல் உட்கார்ந்திருக்கும். டயர் தரையைக் கவ்விக்கொண்டு நகராது. நகர்ந்த மாதிரி இருக்கும், வண்டி ரோட்டுக்குப் போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறுக்குக்கும் வண்டியை முன்னே பின்னே உருட்டிவிட்டு அளக்க வேண்டும். என் கிட்டங்கியில் உருட்ட ஏது இடம்? பின்னால் சுவர், முன்னால் சந்து, சந்தில் எப்போதும் கைவண்டி. ஒரு அம்பாசடரை உருட்டி உருட்டிச் சரியாக்குவதற்குள் சந்து முழுக்க எங்கள் தாய் தகப்பனைப் பற்றிப் பேசி முடித்துவிடும்.

இந்த இடத்தில்தான் மிளகு வருகிறது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஒரு மலைச்சரக்கு ஏற்றுமதிக்காரரின் கிட்டங்கி. அவருடைய கார் எங்களிடம் வரும். ஒரு நாள் காலையில் வண்டி தயார் என்று சொல்வதற்காக நான் அங்கே போனேன். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தரை. எங்கோ ஒரு சாக்கு கிழிந்து மிளகு சிதறிக் கிடந்திருக்கிறது. நான் காலை வைத்தேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்தபடி நான் பார்த்தது கூரை.

"அய்யோ, அண்ணாச்சி வீணு!" என்று ஒருத்தி கத்தினாள், விழுந்துவிட்டார் என்று. மற்றவர்கள் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. விழுந்து கிடந்தபடியே வலது குதிகாலைத் தரையில் அழுத்தி முன்னே தள்ளினேன். வழுக்கிப் போனது. பக்கவாட்டில் தள்ளினேன், போனது. அழுத்தி வட்டமாகத் திருப்பினேன். திரும்பியது. எவ்வளவு அழுத்தினாலும் கால் எந்தப் பக்கம் கேட்டாலும் போகிறது. அடியில் உருண்டை உருண்டையாக மிளகு.

"ப்ராந்தாயோ இயாளுக்கு?" என்றாள் இன்னொருத்தி. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அர்த்தம். "தலை அடிச்சு வீணதல்லே, அப்படித்தான் இருக்கும்."

நான் எழுந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பி ஓடினேன். தலை நிறைய மிளகுத் தூள், தும்மல் வேறு. சேட்டனிடம் சொன்னேன்: "சேட்டா, வண்டியைத் தூக்கி மிளகு மேல வைக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிளகு மேல வச்சா ரசம் வரும் அண்ணாச்சி."

நான் மிளகு வைக்கவில்லை. அந்த அளவுக்கு அறிவு உண்டு. தேய்ந்த லாரி பேரிங்குகளை உடைத்து எஃகுக் குண்டுகளைச் சேர்த்தேன். பழைய கப்பல் இரும்பு விற்கிற இடத்தில் கனமான தகடுகள் பொறுக்கினேன். கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு, நடுவில் கிரீஸில் புதைத்த குண்டுகள். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடித் தகடு. பின்சக்கரங்களுக்கு அதே கனத்தில் மரக்கட்டை, இல்லாவிட்டால் வண்டி சாய்ந்து அளவு பொய் சொல்லும். முதல் தடவை வண்டியை ஏற்றியதும் மேல்தகடு விலகிக் குண்டுகள் எல்லாம் தெறித்துச் சந்தில் ஓடின. கைவண்டிக்காரர்கள் அவற்றைத் துரத்தினார்கள். சேட்டன் சிரித்துச் சிரித்து முண்டு அவிழ்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே கீழ்த்தகட்டுக்குச் சுற்றிலும் விளிம்பு வைத்து வெல்டு அடித்தேன். மறுபடி ஏற்றினேன்.

ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பினேன். நிற்கிற அம்பாசடரின் ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பியவர் உங்களில் யாராவது உண்டா? அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும், இரண்டு கையாலும் தொங்க வேண்டும். அன்றைக்கு அது கோயில் யானை தலையாட்டுகிற மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பியது. டை ராடை முறுக்கினேன், சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டது. உருட்டவே வேண்டாம்.

சேட்டன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம். நான் தகட்டைத் தட்டி, "இதுக்குப் பேரு மிளகுப் பலகை" என்றேன். இரும்புக்குப் போய்ப் பலகை என்று பேரா என்று கேட்டார். என் பொருள், என் பேர் என்றேன். அப்போது அந்தத் தகடு துருவேறிய இரும்பு நிறம். இதை நினைவில் வையுங்கள். கடற்காற்றில் துரு தின்கிறது என்று அதற்குச் செங்காவி அடித்தது சேட்டன், அதுவும் ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு.

அதன் பிறகு வண்டி வந்தது பாருங்கள். எறணாகுளம் போக வேண்டிய வண்டிகள் பாலத்தைக் கடக்காமல் எங்கள் சந்துக்குள் திரும்பின. ஆலுவாவிலிருந்துகூட ஒருவர் வந்தார். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "சேட்டன் எவிடே?"

நான் வண்டிக்கு அடியில் கிடப்பேன். எனக்கு வருகிறவர்களின் செருப்பு தெரியும். அவர்களுக்கும் என்னில் தெரிவது செருப்புதான். சேட்டன் வெளியே நின்று தங்கூசியைச் சுண்டிக் காட்டுவார், அளவைச் சத்தமாகப் படிப்பார், முடிந்ததும் கை கொடுப்பார். என் கை கிரீஸ். யார் கொடுப்பார்கள்? ஓணத்துக்கு ஒரு கார் முதலாளி அவருக்கு முண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து, "அண்ணாச்சிக்கும் அடுத்த வருஷம் உண்டு" என்றார். அடுத்த வருஷம் அவர் கார் மாற்றிவிட்டார்.

இதை வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரி, "நீங்களும் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வெளியே நின்னு பாருங்களேன்" என்றாள். நின்று பார்த்தேன். ஒரு வாத்தியார் வந்து வண்டியைப் பற்றிக் கேட்டார். நான் டை ராடைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் வாட்சைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அவரிடம் இருந்ததையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் இது கணக்காகாது. சக்கரத்துக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு. ஒன்று, மேல்விளிம்பு வெளியே சாய்கிறதா உள்ளே சாய்கிறதா என்பது. இன்னொன்று, சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு. அது சரியாக இருந்தால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும். முதலாவதைத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. சேட்டன் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டு முனைவரை போவார். ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு விரல், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி. திரும்பி வந்து, "அண்ணாச்சி, எடது பக்கம் கீழ்க்கை வளைஞ்ஞிருக்கு" என்பார். சக்கரத்தைத் தாங்குகிற அந்தக் கீழ்க்கம்பியைக் கழற்றி நேர்க்கோலின் மேல் வைத்தால் வளைந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத வளைவு.

அந்த விரல் எனக்கு வரவில்லை. காலைகளில் அவருக்கு முன்னால் வந்து, வாடிக்கையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் இரண்டு விரல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஸ்டீயரிங் ஸ்டீயரிங்காகத்தான் தெரிந்தது. கருவி செய்யத் தெரிந்த கைக்கு அது மட்டும் ஏன் வரவில்லை என்று நான் பட்ட எரிச்சல், அவர் முண்டு வாங்கியதற்குப் பட்டதைவிட அதிகம். ஆகவே நான் சொல்வது பாதிதான். பாதி அவர். முழுதும் நான் என்று எந்த இடத்திலும் கேட்டதில்லை.

எண்பதுகள் பிறந்தபோது அவருக்கு வளைகுடாவிலிருந்து விசா வந்தது. போகும்போது கண் கலங்கிக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் என் கிரீஸ் பட்டது, கவலைப்படவில்லை. நான்கு ஆண்டு போல நான் தனியாக ஓட்டினேன். வண்டிகள் வந்தன, குறைந்தும் வந்தன. "சேட்டன் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தருவார்கள்.

வந்தார். வந்தவர் என் சந்துக்கு வரவில்லை. தோப்பும்படிப் பக்கம் மெயின் ரோட்டில் கடை போட்டார். கண்ணாடிக் கதவு, வெளிச்சத்தைச் சுவரில் அடித்து அளவு காட்டுகிற வெளிநாட்டு மிஷின். திறப்பு விழாவுக்கு முன்னால் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பழைய பலகையில ஒண்ணு தரணும். சும்மா ஷோவுக்கு. தொடக்கம் இவிடெயாணெந்நு ஆளுகள் அறியட்டெ" என்றார். எங்கே தொடங்கியது என்று ஊர் அறியட்டும் என்கிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானே துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் மாட்டினார். அடியில் ஒரு எழுத்தும் இல்லை.

அவர் கடைக்கு எதிரே ஒரு சாயாக்கடை. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் எதற்காவது தோப்பும்படி போனால் கால் அங்கே கொண்டு விட்டுவிடும். புதிதாக வந்திருந்த சின்னச் சின்ன வெள்ளைக் கார்கள் அங்கே வரிசையில் நிற்கும். உள்ளே இளவட்டங்கள் பளபளப்பான புதுத் தட்டுகளைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டே, "எடா, முளகு பலக இங்கு தா" என்று ஒருத்தனுக்கொருத்தன் கத்துவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தட்டுக்கும் என் பேர்! எனக்கு ஒரு பக்கம் குளிரும், ஒரு பக்கம் எரியும்.

சாயாக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டே விட்டார்: "அண்ணாச்சி, வாய் என் சாயாவில, கண்ணு எதிர்க்கடையில. கண்ணுக்கு அங்க ஒரு பெஞ்சு போடச் சொல்லட்டா?"

"நான் ரோட்டைப் பார்க்கிறேன்."

"ரோடு கிழக்க மேற்க அல்லே போகுது? நீங்க வடக்கல்லே பார்க்கிறீங்க."

அடுத்த ஆண்டு, ஒர்க்‌ஷாப்காரர்களின் சங்கம் ஆண்டுக் கூட்டம் வைத்தது. நானும் அதில் உறுப்பினர். ஒரு கல்யாண மண்டபம். மேடையில் சேட்டனை உட்காரவைத்து, மட்டாஞ்சேரிக்கு அலைன்மென்ட் கொண்டுவந்த முதல் ஆள் என்று சொல்லிப் பொன்னாடை போட்டார்கள். கைதட்டல். நானும் தட்டினேன், அவர் பேசும்போது என் பேர் வரும் என்று.

வந்தது. அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார், எனக்கு அன்று ஒரு தமிழன் கையாள் இருந்தான், நல்ல மனுஷன், மலையாளம் மட்டும் கஷ்டம் என்று. வாடிக்கையாளர் வந்து 'வண்டி எடத்தோட்டு வலிக்குணு' என்று சொன்னாராம். வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று மலையாளத்தில் அர்த்தம். தமிழன் கையாள் வண்டியைத் தடவிக்கொடுத்து, 'எங்கே வலிக்குது?' என்று கேட்டானாம். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. முழுப் பொய். நான் மட்டாஞ்சேரியில் பிறந்தவன். தொட்டிலில் கிடந்தே மலையாளம் கேட்டவன். ஆனால் சிரிப்பு வந்த பிறகு உண்மை எங்கே போய் உட்காரும்?

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். யாரோ கேட்டார்கள், அந்தத் தட்டுக்கு ஏன் முளகு பலகை என்று பேர் என்று. சேட்டன் சொன்னார்: "நான் அதுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சிருந்தேன். பழுத்த முளகு போலெ இருக்கும். அதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டத்தானே செய்வார்கள்? மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். மிளகுக்கு அவர்கள் குருமுளகு என்பார்கள். நான் தமிழில் மிளகு என்று வைத்த பேர், பட்டறைகளில் வாய்க்கு வாய் மாறி முளகு ஆகி, மிளகாயாகப் பழுத்துச் சிவந்து அவர் மடியில் விழுந்துவிட்டது. நான் பேர் வைத்தபோது பெயின்டே கிடையாது.

எழுந்து நின்றேன். "சேட்டா," என்றேன், மைக் இல்லாமலே மண்டபம் கேட்கும்படி, "அது மிளகாயா, மிளகா?"

அவர் என்னைப் பார்த்தார். முகம் ஒரு நொடி மாறியது. பிறகு அந்தப் பழைய சிரிப்பு. "அண்ணாச்சி, இரி. ஊணு ஆறிப்போகும்."

மறுபடி சிரிப்பு. உட்கார்ந்தேன். சாம்பார் எனக்கு இறங்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் பிடித்தேன். பக்கத்தில் ஆள் இல்லை.

"கையாளா நான்?"

"ஒரு தமாஷுக்குப் பறஞ்ஞதாணு அண்ணாச்சி."

"பெயின்டு நீங்க அடிச்சது பேர் வச்சு எவ்வளவு நாள் கழிச்சு?"

அவர் கையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஆள் மிளகில வழுக்கி வீணு, அதில இருந்து இது கண்டுபிடிச்சுன்னு ஞான் பறஞ்ஞா ஆரு நம்பும்? சிரிக்கும்."

"என்னை வச்சு இப்பவும் சிரிச்சாங்கதானே."

"அண்ணாச்சி பேரு வச்சு. ஞான் ஆளைக் கொண்டு வந்நு. ஆளில்லாத்த பேரு எந்தினா?"

ஆள் வராத பேர் எதற்கு என்கிறார். எனக்கு வேண்டும் என்றேன். ஆள் வேண்டாம், பேர் வேண்டும் என்றேன். அவர் என் தோளைத் தொட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். அதன் பிறகு ரோட்டில் பார்த்தால் தலையசைப்போம். அவ்வளவுதான்.

இப்போது சங்கம் ஒரு மலர் போடப் போகிறதாம். இரண்டு மொழியிலும். சங்கத்திலிருந்து ஒரு இளைஞர் போனில் கூப்பிட்டார், நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "சேட்டனைப் பற்றி நாலு வரி தமிழில எழுதித் தாங்க. நீங்க அவரோட பழைய கையாள் அல்லே?" அந்த நாலு வரிதான் இது.

தம்பி, இதை வெட்டாமல் போட முடியாது என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். கீழே சொல்வதை மட்டும் வெட்டக் கூடாது. ஸ்டீயரிங்கில் வைத்த இரண்டு விரல் அவருடையது, அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை, அப்படியே போடுங்கள். தங்கூசி நூல் கட்டியது நான். தட்டைச் செய்தது நான். பேர் வைத்தது நான், அது மிளகு, மிளகாய் இல்லை. கையாள் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பங்காளி என்று போடுங்கள். மலையாளத்தில் அதற்குக் கூட்டாளி என்று அர்த்தம், தமிழில் பங்கு கேட்டுச் சண்டை போடுகிறவன் என்றும் அர்த்தம். இரண்டு மொழியிலும் எனக்குச் சம்மதம். முதலில் சேட்டன் பேரைப் போட்டு, அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், என் பேரைப் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன்னால் எனக்கு ஒரு பிரதி காட்ட வேண்டும்.